ஆர்வில் ஊதினா ஆறிடும்

பிரையர் ஃபோர்க், கென்டக்கி
ஜூன் 11, 1986

அக்கா,

இதைக் கிழிச்சுப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சிடு. அதுக்கப்புறம் கிழி, அடுப்புல போடு, உன் இஷ்டம்.

கல்லறைக்குப் பூ வைக்கற நாளும் அதுவுமா, அம்மா தலைமாட்டுல நின்னுக்கிட்டு, அத்தனை சனம் பாக்க, "வெள்ளைத் தொப்பி மாட்டிக்கற ஆசையில பெத்த அப்பனை விட்டுட்டுப் போறா"ன்னு கத்தினியே, அது இன்னும் என் காதுல கிடக்கு. நானும் சும்மா இல்ல. லெஸ்டர் பின்னாடி ஒஹாயோவுக்கு ஓடினவ எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டியான்னு கேட்டேன். கட்டின புருஷனோட போனவளை ஓடினவன்னு சொன்னது தப்புதான். சரி, அது போகட்டும்.

சேதி என்னன்னா, எனக்கு நர்ஸிங் இடம் கிடைச்சிருக்கு. முழுசா இல்ல, முக்கால்வாசி. இருநூறு பேர் கேட்டதுல முப்பது பேரைத்தான் எடுத்திருக்காங்க. பள்ளிக்கூட சமையல்கட்டுல பகலெல்லாம் தட்டு கழுவிட்டு சாயங்காலம் போய் வேதியியல் படிச்சேனே, அது வீண் போகலை. நுழைவுத் தேர்வுலயும் தேறிட்டேன். ரெண்டு பேர்கிட்ட நற்சான்று வாங்கணும்னாங்க. சமையல்கட்டுப் பெரியம்மா நல்லபடியா எழுதிக் குடுத்தா. நம்ம பாஸ்டர் என்ன எழுதினார் தெரியுமா? "நல்லாப் பாடுவாள், ஊறுகாய் நன்றாகப் போடுவாள்." அதைப் படிச்சிட்டு நர்ஸிங் பள்ளிப் பொறுப்பாளர் மிஸஸ் புரூயிட் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. சிரிப்பை அடக்கறாங்கன்னு நினைக்கிறேன்.

இனிமே பாக்கி இருக்கறது டாக்டர் சோதனை, தடுப்பூசி, அப்புறம் கையில போடற டி.பி. ஊசி. ஆகஸ்ட் பதினஞ்சுக்குள்ள எல்லாத்தையும் குடுத்துடணும். குடுக்கலைன்னா காத்திருக்கறவங்கள்ல அடுத்தவளுக்கு என் இடம் போயிடும்.

அதுக்குத்தான் உன்கிட்ட வந்து நிக்கறேன். வகுப்பு விடிகாலையிலயே ஆரம்பிக்குது, டவுனுக்குப் போகவே ஒரு மணி நேரம் ஆகுது. இந்தக் குளிர்காலம் மட்டும் அப்பாவை டேட்டன்ல வெச்சுக்கறியா? அவருக்கு இருமல் அதிகமாயிடுச்சு. பெல்ட்டுல ஆணியால புதுசா ஓட்டை போட்டிருக்கார். டாக்டர்கிட்ட வாங்கன்னா, "சுரங்கத்துல முப்பது வருஷம் கிடந்தவன் இருமாம பாட்டா பாடுவான்?"ங்கறார். இந்தப் பள்ளத்தாக்குல இருமாத ஆம்பளை யாருன்னு திரும்பி என்னையே கேக்கறார்.

கெய்லாக்குட்டிக்கு என் முத்தம்.

டிரெஸ்ஸா

*

டேட்டன், ஒஹாயோ
ஜூன் 20

டிரெஸ்ஸா,

கிழிக்கலை. படிச்சேன். பதில் இதுதான்: முடியாது.

எங்களுக்கு இருக்கறதே ரெண்டு ரூம். நான் தொழிற்சாலையில ராத்திரி ஷிப்ட், லெஸ்டர் பகல் ஷிப்ட். குழந்தையை நாங்க கைமாத்தி வளக்கறோம். இதுல இருமற ஆம்பளையை எங்கடி படுக்க வைக்கறது, குளிக்கற தொட்டியிலயா?

அதெல்லாம் சாக்குன்னு நீ சொல்லுவ. சரி, உள்ளதையும் சொல்றேன். அம்மா படுக்கையில விழுந்தப்ப எனக்குப் பதினஞ்சு வயசு. பள்ளிக்கூடத்துல இருந்து நின்னுட்டேன். உன் தலையை வாரினது யாரு? உனக்கு சோள ரொட்டி சுட்டது யாரு? நானும் நர்ஸாகணும்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவதான், ஞாபகம் இருக்கா? எனக்கு யாரும் பரீட்சை வைக்கலை, நற்சான்றும் கேக்கலை. நீயே பாத்துக்கோன்னு சொல்லி அம்மாவை என் கையில குடுத்துட்டாங்க. இப்ப உன் முறை வந்திருக்கு. நோகுதுன்னா நோகட்டும்.

அப்பா இருமலுக்கு நீ ஆலாய்ப் பறக்காதே. கரி இருமல் யாரையும் ஒரே நாள்ல கொல்லாது.

ஒரு நல்ல சேதி. கெய்லா வாய் சுத்தமாயிடுச்சு! நாக்கு, உள் கன்னம் எல்லாம் தயிர் அப்பின மாதிரி வெள்ளையா இருந்து, பால் குடிக்க முடியாம கதறினா இல்ல? இங்க இருக்கற டாக்டர் ஊதா மருந்து தடவித் தடவி, புள்ளை திராட்சை திருடின மாதிரி இருந்தா, அவ்வளவுதான் லாபம். கல்லறை நாளுக்கு அங்க வந்திருந்தப்ப அப்பா மூணு காலை அவளை மடியில போட்டு, வாயோட வாய் வெச்சு ஊதினார். நாலாம் நாள் பால் குடிச்சா. தகப்பன் முகத்தைப் பாக்காமப் பொறந்தவன் மூச்சுல அந்த வரம் உண்டுன்னு லெஸ்டர்கிட்ட சொன்னா நம்ப மாட்டேங்கறான். தாத்தா சுரங்கத்துல புதைஞ்சு மூணு மாசம் கழிச்சுப் பொறந்தவர்டா எங்கப்பா, எங்க ஊர்ல எந்தத் தாயைக் கேட்டாலும் "ஆர்வில் ஊதினா ஆறிடும்"பான்னு சொன்னேன். மலைக்காட்டு வைத்தியம்னு சிரிக்கறான். சிரிச்சவன் புள்ளைதான் இப்ப பாட்டில் பாட்டிலா குடிக்கறா.

அப்படிப்பட்ட மனுஷனை விட்டுட்டுத்தான் நீ கிளம்பற.

வெர்லீன்

*

பிரையர் ஃபோர்க்
ஜூலை 24

அக்கா,

உன் கடுதாசிக்குச் சண்டையா பதில் எழுதி வெச்சிருந்தேன். அதைத் தூக்கிப் போட்டுட்டேன். இப்ப வேற கவலை வந்துடுச்சு.

திங்கட்கிழமை சுகாதார ஆபீஸ்ல டி.பி. ஊசி போட்டாங்க. முழங்கைக்குக் கீழ தோலுக்குள்ள ஒரு சொட்டு மருந்து, அவ்வளவுதான். கொசு கடிச்ச மாதிரி ஒரு புள்ளி வந்துச்சு. புதன்கிழமை வந்து காட்டச் சொன்னாங்க. மறுநாள் சமையல்கட்டுல மாவு பிசையறப்ப கை எரிஞ்சுது. சட்டையை மடிச்சுப் பாத்தேன். செவந்து தடிச்சு, தொட்டா கல்லு மாதிரி இருந்துச்சு.

கூட ஊசி போட்டுக்கிட்ட மத்த பொண்ணுங்க கையைப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல. சிலருக்கு ஊசி போட்ட இடமே தெரியலை. தடிச்சா டி.பி. கிருமி உடம்புக்குள்ள போயிருக்குன்னு அர்த்தமாம்.

நேத்து காட்டப் போகலை. வண்டி கெட்டுப் போச்சுன்னு போன்ல பொய் சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை கட்டாயம் வரச் சொல்லியிருக்காங்க.

அக்கா, எனக்குப் பயமா இருக்கு. எனக்கு இருமல் இல்ல, காய்ச்சல் இல்ல, குதிரை மாதிரி தின்னுக்கிட்டுத் திரியறேன். எனக்கே இப்படின்னா, நான் யார் பக்கத்துல இருந்துட்டு வந்தேன்னு யோசிச்சேன். நேத்து ராத்திரி அப்பா துணியில துப்பினதைத் துவைக்க எடுத்தேன். கரி துப்பினா கறுப்பா இருக்கணும். அதுல சிவப்பு இருந்துச்சு.

அப்பாகிட்ட ஒண்ணும் கேக்கலை. நீ என்ன நினைக்கற?

டிரெஸ்ஸா

*

டேட்டன்
ஜூலை 30

ஏண்டி, உனக்கென்ன மூளை கலங்கிப் போச்சா?

சமையல்கட்டுல வேலை பாக்கறவ கை தடிக்காம வேற எது தடிக்கும்? கொதிக்கற எண்ணெய், சோப்புத் தண்ணி, பூச்சி, எதுவா வேணா இருக்கும். பூச்சி கடிச்சு சொறிஞ்சுட்டேன்னு சொல்லு. இன்னும் போய்க் காட்டலைன்னா ஐஸ் வெச்சு அமுக்கிட்டுப் போ. இடம் வேணும்னு ஒத்தைக் காலில் நின்னது நீதானே, அதை நீயே உன் கையால கெடுத்துக்காதே. ஆமா, நான்தான் சொல்றேன். நீ போகக் கூடாதுன்னு சொன்ன அதே வெர்லீன். உன்மேல எனக்குக் கோபம் இருக்கு, ஆனா ஊரான் வீட்டுப் பொண்ணு உன் இடத்துல உக்காரணும்னு நான் நினைக்கலை.

அப்பாவைப் பத்தி அந்த வார்த்தையை நீ இனிமே எழுதாதே. அது அழுக்குப் பிடிச்ச குடும்பத்துக்கு வர்ற சீக்கு. லியோனா சித்திக்கு வந்தப்ப படுக்கை, பாய், ஜன்னல் துணி எல்லாத்தையும் முற்றத்துல போட்டுக் கொளுத்தினாங்களே, மறந்துட்டியா? அவ புள்ளைங்களோட யாராவது விளையாடினாங்களா? அப்பா நுரையீரல்ல இருக்கறது கரி. அது அவர் உழைச்சு சம்பாதிச்சது. அந்த மனுஷனுக்கு மிச்சம் இருக்கறது அந்த மரியாதை ஒண்ணுதான்.

கெய்லாவுக்குப் பல் முளைக்குது போல. சாயங்காலமானா உடம்பு லேசா சுடுது, எதுக்கெடுத்தாலும் சிணுங்கறா. பாட்டிலைத் தள்ளி விடறா. அந்தச் சத்தத்துல நான் பகல்ல கண்ணை மூடியே ஒரு வாரமாச்சு.

வெர்லீன்

*

பிரையர் ஃபோர்க்
ஆகஸ்ட் 7

அக்கா,

இதை நின்னுக்கிட்டே படிக்காதே, உக்காந்து படி.

ஐஸ் வெக்கலை. போய்க் காட்டினேன். நர்ஸம்மா ஸ்கேல் வெச்சு அளந்தாங்க, முகம் மாறிடுச்சு. நெஞ்சுல படம் எடுத்தாங்க. என் நுரையீரல் சுத்தமா இருக்கு. கிருமி உடம்புக்குள்ள வந்து தூங்குதாம், எழுந்திருக்காம இருக்க வருஷம் பூரா மாத்திரை சாப்பிடணுமாம். நான் யாருக்கும் ஒட்ட வைக்க மாட்டேன். "இதுனால உன் இடம் போகாது"ன்னாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அதுக்கப்புறம் கேட்டாங்க. "கிருமி தானா வராதும்மா. உங்க வீட்டுல யாராவது இருமறாங்களா?"

மிஸஸ் புரூயிட் எங்ககிட்ட இடம் குடுத்த அன்னைக்கே சொல்லியிருந்தாங்க. வீட்டுல யாருக்காவது இருக்குமோன்னு சந்தேகம் வந்தா, அவங்களுக்கு இல்லைன்னு தெரியற வரைக்கும் மாணவி நோயாளி பக்கம் போகக் கூடாதாம். சளியைச் சோதனைக்கு அனுப்பினா வாரக்கணக்கா ஆகும். பதினஞ்சாம் தேதி தாண்டிடும்.

நான் சொன்னேன், "யாரும் இல்லைம்மா. அப்பா மட்டும்தான். அவருக்குக் கரி இருமல்."

அந்தம்மா இந்த ஊர்க்காரிதான். அவங்க அப்பாவும் சுரங்கம். கரி இருமல்னதும் தலையை ஆட்டிட்டு எழுதிக்கிட்டாங்க. வேற ஊர்க்காரியா இருந்தா இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருப்பா.

பொய்யே இல்லைன்னு வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கிட்டு வந்தேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கோயில் முடிஞ்சு, நம்ம கோயிலுக்கு வர்ற வில்லா அவ குழந்தையைத் தூக்கிக்கிட்டு வந்தா. ஆறு வாரக் குழந்தை, வாயெல்லாம் வெள்ளை. நான் கதவுலயே நின்னு, "அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, இன்னொரு நாள் வா"ன்னேன். உள்ளேயிருந்து அப்பா, "யாருடி அது உடம்பு சரியில்லைன்னு சொன்னது? கொண்டாம்மா குழந்தையை, பசியில கத்துது பாரு"ன்னார். மடியில வாங்கினார். முதல்ல இருமினார், கைக்குட்டையில துடைச்சுக்கிட்டார், அப்புறம் வாயை வெச்சு ஊதினார். நான் தடுக்கலை அக்கா. கதவைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். வில்லா எனக்கு ஒரு பாட்டில் பீட்ரூட் ஊறுகாய் குடுத்துட்டு நன்றி சொல்லிட்டுப் போனா.

அப்பதான் எனக்கு கெய்லா ஞாபகம் வந்துச்சு. மூணு காலை. உன் கடுதாசியைத் தேடி எடுத்துப் படிச்சேன். சாயங்காலம் சுடுது, பாட்டிலைத் தள்ளறா.

இன்னைக்கே அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. டி.பி. இருக்கற ஆள் இவ வாய்க்குள்ள ஊதியிருக்கார்னு வாய் விட்டுச் சொல்லு. வெக்கப்படாதே, சொல்லு. சின்னக் குழந்தைக்கு அது நெஞ்சுல நிக்காது, மூளைக்கு ஏறிடும்னு நூலகத்துல படிச்சேன். உன் வீட்டுக்காரம்மா கோவாக்ஸ் நம்பருக்கு ரெண்டு தடவை கூப்பிட்டேன். நீ வேலைக்குப் போயிட்டதாச் சொன்னாங்க, பின்னாடி உன் குரல் கேட்டுச்சு. என் மேல இருக்கற கோபத்தைக் குழந்தை மேல காட்டாதே.

பதினஞ்சாம் தேதி என் காகிதம் உள்ள போனதும் நான் இங்கயும் சொல்லிடறேன். ஒரு வாரம்தான். அதுவரைக்கும் யார் குழந்தையைக் கொண்டு வந்தாலும் வாசல்லயே திருப்பி அனுப்பிடறேன். சத்தியமா.

டிரெஸ்ஸா

*

டேட்டன்
ஆகஸ்ட் 13

டிரெஸ்ஸா,

உன் தடியான கவர் வந்துச்சு. பிரிக்கலை. கரண்டி டிராயர்ல போட்டு வெச்சிருக்கேன். போன தடவை எழுதின மாதிரி அப்பாவைப் பத்தி அசிங்கமா எதையாவது எழுதியிருப்பன்னு தெரியும். இல்லைன்னா பரீட்சை, ஊசி, மிஸஸ் புரூயிட் கண்ணாடி. இப்ப அதையெல்லாம் படிக்கற தெம்பு எனக்கு இல்லம்மா. கோவாக்ஸ் அம்மா கீழேயிருந்து ரெண்டு தடவை போன்னு கூப்பிட்டாங்க. வேலைக்குப் போயிட்டேன்னு சொல்லச் சொல்லிட்டேன். பேசினா சண்டைதான் வரும்.

ஆனா இன்னைக்கு மனசு கொஞ்சம் லேசா இருக்கு, அதான் எழுதறேன். போன வாரம் பூரா கெய்லா வாந்தி எடுத்தா. டாக்டர் வயித்துல ஏதோ கிருமி, இந்த வெயிலுக்கு எல்லாப் புள்ளைங்களுக்கும் வருதுன்னார். வீட்டுல யாருக்காவது ஏதாவது சீக்கு உண்டான்னு வழக்கமா கேக்கற மாதிரி கேட்டார். எங்க அப்பாவுக்குக் கரி இருமல், வேற ஒண்ணும் இல்லைன்னேன். சர்க்கரைத் தண்ணி குடுக்கச் சொன்னார்.

நேத்துலேர்ந்து அடங்கிட்டா. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! அழுகையே இல்ல. தொட்டில்ல போட்டது போட்ட மாதிரி தூங்கறா. பால் நேரத்துக்குக் கூட நான்தான் எழுப்ப வேண்டியிருக்கு. ரெண்டு மாசத்துல முதல் தடவையா நான் அஞ்சு மணி நேரம் சேந்தாப்புல தூங்கினேன். லெஸ்டர் அவ முகத்துக்கு முன்னாடி சாவிக்கொத்தை ஆட்டினான், கண் அது பின்னாடி போகலை. தூக்கக் கலக்கம். தலையை மட்டும் பின்னாடி வளைச்சு வெச்சுக்கிட்டுத் தூங்கறா, அம்மாவும் அப்படித்தான் தூங்குவா, இல்ல?

செப்டம்பர் முதல் வாரம் லீவு வருது. அவளைக் கூட்டிக்கிட்டு வரேன். அப்பா பாத்த மாதிரியும் இருக்கும். நீயும் நானும் முற்றத்துல உக்காந்து நேருக்கு நேர் சண்டை போட்டு முடிச்சிடலாம். கடுதாசியில சண்டை போடறது எனக்கு சரிப்படலை. உனக்கு இடம் உறுதியாயிட்டா அதையும் அப்பவே சொல்லு, திட்ட மாட்டேன்.

வெர்லீன்

*

டேட்டன், உன் வீட்டுச் சமையலறை
ஆகஸ்ட் 16, சனிக்கிழமை

அக்கா,

நான் உன்னைத் தேடி ஆஸ்பத்திரிக்குப் போறேன். நடுவுல நீ வீட்டுக்கு வந்துட்டா உனக்குத் தெரியணுமேன்னு இதை மேஜை மேல வெச்சுட்டுப் போறேன்.

உன் கடுதாசி இன்னைக்குக் காலையிலதான் கைக்கு வந்துச்சு. தபால் பெட்டிகிட்டயே நின்னு படிச்சேன். கண் சாவி பின்னாடி போகலைன்னு எழுதியிருந்தியே, அதுக்கு மேல என்னால படிக்க முடியலை. கோவாக்ஸ் அம்மா நம்பரைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன், யாரும் எடுக்கலை. அப்படியே வண்டியை எடுத்துட்டேன்.

கிளம்பறதுக்கு முன்னாடி அப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். கத்துவார்னு நினைச்சேன். கட்டில் ஓரத்துல உக்காந்தார். "வில்லா குழந்தையுமா?"ன்னு மட்டும் கேட்டார். அப்புறம் இந்த வசந்தத்துலேர்ந்து குழந்தையைத் தூக்கிட்டு வந்தவங்க பேரை ஒவ்வொண்ணா சொல்ல ஆரம்பிச்சார். நான் நினைச்சதை விட அதிகம் அக்கா. கடைசியா கெய்லா பேரைச் சொன்னார், சொல்லிட்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கிட்டார். பக்கத்து வீட்டுப் பையன் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கான், ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு ஓட்டச் சொன்னேன்.

இங்க வந்தா கதவு பூட்டியிருக்கு. கோவாக்ஸ் அம்மா முட்டியைப் புடிச்சுக்கிட்டு மேலே ஏறி வந்து திறந்துவிட்டாங்க. வியாழக்கிழமை கெய்லாவுக்குக் கை கால் இழுத்துக்கிச்சாம். லெஸ்டர் போர்வையில சுத்தித் தூக்கிக்கிட்டு ஓடினானாம், நீ செருப்பு கூடப் போடலையாம். எந்த ஆஸ்பத்திரின்னு அவங்களுக்குத் தெரியலை. இன்னும் டாக்டருங்களுக்கு என்னன்னு பிடிபடலைன்னு மட்டும் லெஸ்டர் போன்ல சொன்னானாம்.

பிடிபடாது. ரெண்டு நாளா நீ அங்க உக்காந்து கரி இருமல்னுதான் சொல்லிக்கிட்டு இருப்ப.

கரண்டி டிராயரைத் திறந்தேன். என் கவர் பிரிக்காமலே கிடக்கு. உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்ல. அந்த நர்ஸம்மா என் முகத்தைப் பாத்து நேராக் கேட்டாங்க, அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவங்களே அன்னைக்கே உன் கதவைத் தட்ட ஆளை அனுப்பியிருப்பாங்க. என் இடத்துக்காக அதை விட்டுட்டு உனக்கு ஸ்டாம்பு ஒட்டி அனுப்பினேன். ஸ்டாம்பு ஒட்டிட்டதால என் கடமை முடிஞ்சுதுன்னு ஒரு வாரம் நிம்மதியாத் தூங்கினேன்.

கோவாக்ஸ் அம்மா போன்லேர்ந்து அந்த நர்ஸம்மா வீட்டுக்குக் கூப்பிட்டு நான் சொன்னது பொய்னு சொல்லிட்டேன். குழந்தைங்க பேர் எல்லாம் குடுத்துட்டேன். அவங்க திட்டலை, ஒவ்வொரு பேரையும் திரும்பச் சொல்லி எழுதிக்கிட்டாங்க. வில்லா பேர் வந்தப்ப, "அது என் தங்கச்சி மகடி"ன்னாங்க. மிஸஸ் புரூயிட்டையும் கூப்பிட்டேன். என் காகிதம் நேத்தே உள்ள போயாச்சு, இடம் உறுதியாயிடுச்சுன்னு சந்தோஷமா ஆரம்பிச்சாங்க. நான் சொல்லி முடிச்சதும், திங்கட்கிழமை அடுத்த பொண்ணைக் கூப்பிடறேன்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க.

குழந்தைங்களைச் சேக்கற ஆஸ்பத்திரி எங்க இருக்குன்னு கோவாக்ஸ் அம்மா ஒரு காகிதத்துல வழி வரைஞ்சு குடுத்தாங்க. முதல்ல அங்க போறேன். இல்லைன்னா அடுத்தது. கண்ல படற முதல் டாக்டர்கிட்ட அப்பா ஊதினதைச் சொல்லிடுவேன், நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் போறதுக்குள்ள அவளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது அக்கா. எனக்கு வேற எதுவும் வேண்டாம்.

டி.பி. மூளைக்கு ஏறினா எப்படி இருக்கும்னு நான் போன்ல சொன்னதை எல்லாம் கோவாக்ஸ் அம்மா கதவோரம் நின்னு கேட்டுக்கிட்டே இருந்திருக்காங்க. கிளம்பறப்ப என் கையைப் புடிச்சுக்கிட்டு, "நீ நர்ஸாம்மா?"ன்னு கேட்டாங்க.

இல்லைன்னு சொன்னேன்.

டிரெஸ்ஸா